மூன்று அனுமதி, ஒரே பெயர்: தாய்லாந்தில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களுக்கு

நேர்காணல் முடிந்துவிட்டது. "மே மாதம் வந்து சேருங்கள்" என்று தாய்லாந்துப் பள்ளியிலிருந்து மின்னஞ்சலும் வந்துவிட்டது. வீட்டில் ஆளுக்கொரு பக்கம் விமான டிக்கெட் விலையைப் பார்க்க ஆரம்பித்திருப்பார்கள். டிக்கெட் கொஞ்சம் காத்திருக்கட்டும். இப்போது உங்கள் கையில் இருப்பது வேலை. அந்த வேலையைச் செய்வதற்கான அனுமதி இனிமேல்தான் வரவேண்டும். இரண்டுக்கும் நடுவே மூன்று நான்கு மாத அலைச்சல் இருக்கிறது. அதில் பாதி சென்னையிலும் உங்கள் பல்கலைக்கழகத்திலும், மீதி தாய்லாந்திலும் நடக்கும்.

இந்த அத்தியாயம் இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கானது. கட்டணங்களும் படிவங்களும் அவ்வப்போது மாறும். பணம் கட்டுமுன் சென்னையிலுள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விதிகள் மாறினாலும், அவற்றைப் பார்க்கும் கண் மாறுவதில்லை. எந்த அலுவலகத்தில் உங்கள் கோப்பைத் திறந்தாலும் மூன்று கேள்விகள்தான்: எல்லாத் தாளிலும் இருப்பது ஒரே ஆளா? எல்லாத் தாளும் ஒரே பள்ளியைச் சொல்கிறதா? தேதிகள் ஒன்றோடொன்று இடிக்கின்றனவா? இந்த மூன்றுக்கும் நேரான பதில் இருந்தால் கோப்பு நகரும். ஒன்றில் சறுக்கினாலும், எம்.ஏ. தங்கப்பதக்கம் வாங்கியவர் கோப்பானாலும் நின்றுவிடும்.

மூன்று அனுமதி எவை?

முதலாவது, நாட்டுக்குள் நுழையவும் தங்கவும் அனுமதி. இதன் பெயர் நான்-இமிகிரன்ட் பி விசா, பேச்சுவழக்கில் 'நான்-பி'. துணைத் தூதரகம் தருவது. அங்கே போனபின் தங்கும் காலத்தை நீட்டித்துத் தருவது குடிநுழைவுக் காவல் துறை.

இரண்டாவது, வேலை அனுமதி. இது தொழிலாளர் அமைச்சகத்தின் கீழுள்ள வேலைவாய்ப்புத் துறையிடமிருந்து வருவது. நெடுங்காலமாக நீல அட்டை போட்ட ஒரு சிறு புத்தகமாகத் தந்துகொண்டிருந்தார்கள். 2025 அக்டோபரில் இணையவழி முறைக்கு மாறத் தொடங்கினார்கள். உருவம் மாறினாலும் உள்ளடக்கம் அதேதான்: யார், எந்த முதலாளியிடம், என்ன வேலை, எதுவரை.

மூன்றாவது, வகுப்பறையில் நின்று கற்பிக்க அனுமதி. இதைத் தருவது தாய்லாந்தின் ஆசிரியர் மன்றம். அதன் தாய் மொழிப் பெயர் 'குருசபா'. நம் ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம்: குரு, சபை. அங்கே ஆசிரியரைக் கூப்பிடுவதும் 'க்ரூ' என்றுதான். 2003ஆம் ஆண்டு ஆசிரியர் மன்றச் சட்டப்படி, பள்ளியில் கற்பிக்கும் எவருக்கும் இந்த மன்றத்தின் உரிமமோ தற்காலிக அனுமதியோ வேண்டும்.

ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விசா மட்டும் வைத்துக்கொண்டு வகுப்பெடுத்தால் அது அனுமதியில்லாத வேலை. 2018 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு அபராதம் 5,000 முதல் 50,000 பாட் வரை, நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள், அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு வேலை அனுமதி கேட்க முடியாது. வேலைக்கு வைத்த பள்ளிக்கும் ஆளுக்கு 10,000 முதல் 1,00,000 பாட் வரை அபராதம் உண்டு.

முதலில் பள்ளி எந்த வகை என்று கேளுங்கள்

சம்பளத்துக்கு முன் கேட்கவேண்டிய கேள்வி இது. எந்தெந்தத் தாள் தேவை என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

அரசுப் பள்ளி என்றால் அது அடிப்படைக் கல்வி ஆணைய அலுவலகத்தின் கீழ் வரும். தனியார் பள்ளி என்றால் தனியார் கல்வி ஆணைய அலுவலகம். இந்த இரண்டு வகைக்கும் குருசபாவின் அனுமதி தேவை. மொழிப் பயிற்சி மையமும் தனியார் கல்வி ஆணைய அலுவலகத்தில் பதிவு செய்திருக்கவேண்டும், ஆனால் அது முறைசாராக் கல்வி என்ற கணக்கில் வருவதால் குருசபா உரிமம் கேட்பதில்லை. பல்கலைக்கழகங்களிலும் அந்த உரிமம் கேட்பதில்லை. வேலை அனுமதியும் விசாவும் எல்லா வகைக்கும் பொது.

இன்னொரு வகை உண்டு: ஏஜென்சி. உங்களை வேலைக்கு எடுப்பது ஒரு நிறுவனம். பாடம் எடுக்க அனுப்புவது வேறொரு பள்ளிக்கு. இதில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது யார், வேலை அனுமதியில் முதலாளி என்று வரப்போவது யார், நீங்கள் தினமும் போகும் கட்டடம் எது? இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவது நல்லது.

பெயர்: தமிழர்களுக்கே உரிய சிக்கல்

எந்த வழிகாட்டி நூலிலும் இதை எழுதமாட்டார்கள். ஏனென்றால் இது நம் பிரச்சினை. கார்த்திகேயன் என்று ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் சுப்பிரமணியன். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ். கார்த்திகேயன்'. பட்டச் சான்றிதழில் 'கார்த்திகேயன் எஸ்'. பி.எட். சான்றிதழில் 'கார்த்திக்கேயன் எஸ்', நடுவில் ஒரு எழுத்து கூடிவிட்டது. பாஸ்போர்ட்டில் கொடுத்த பெயர் 'கார்த்திகேயன் சுப்பிரமணியன்', குடும்பப் பெயர் என்ற இடம் காலி. நம் ஊர் அலுவலகத்தில் இது யாருக்கும் உறுத்தாது. பாங்காக்கில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இது நான்கு ஆட்கள்.

அதனால் முதல் வேலையாக எல்லாச் சான்றிதழ்களையும் ஒரு மேசையில் பரப்பி, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். மூன்று விதமான வேறுபாடு வரும்.

இனிஷியல் விரிந்திருப்பது, சுருங்கியிருப்பது: நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எழுதி, இரண்டும் ஒரே ஆள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள்.

எழுத்துப் பிழை: பல்கலைக்கழகத்திலேயே திருத்தச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் இதற்குப் பிரமாணப் பத்திரம் மட்டும் போதும் என்று நம்பிவிடாதீர்கள்.

பெயரே மாறியிருப்பது: திருமணத்துக்குப் பிறகோ வேறு காரணத்தாலோ பெயர் மாறியிருந்தால் அரசிதழ் அறிவிப்பு, திருமணச் சான்று ஆகியவற்றைக் கோப்பில் சேருங்கள்.

பாஸ்போர்ட் புதுப்பிக்கும் காலம் நெருங்கியிருந்தால், குடும்பப் பெயர் இடத்தையும் அப்போதே நிரப்பிவிடலாம். ஆனால் விசா விண்ணப்பம் போட்ட பிறகு பாஸ்போர்ட்டைத் தொடாதீர்கள்.

தாய்லாந்து போனபின் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். அங்கே உங்கள் பெயரைத் தாய் எழுத்தில் எழுதுவார்கள். நம் பெயர்களை அந்த எழுத்தில் எழுத ஒரே வழி கிடையாது. 'ஸ' ஒலி ஒன்றுக்கே அங்கே நான்கு எழுத்துகள். நான் முதல் பள்ளியில் சேர்ந்தபோது, வேலை அனுமதிக்கு விண்ணப்பித்த அலுவலக ஊழியர் என் பெயரை ஒரு விதமாக எழுதினார். ஆசிரியர் அனுமதிக்கு விண்ணப்பித்தவர் வேறொரு விதமாக எழுதினார். அடுத்த ஆண்டு நீட்டிப்புக்குப் போனபோது, கவுன்ட்டரில் இருந்த அம்மாள் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு எழுத்தின்மேல் பேனா முனையை வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. ஒரு வாரம் அலைந்தேன். முதல் தாளில் வரும் தாய் எழுத்துப் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்தப் படிவம் நிரப்பினாலும் அதையே காட்டி, "இதேபோல் எழுதுங்கள்" என்று சொல்லுங்கள்.

படிப்புச் சான்று

இளங்கலைப் பட்டம் கட்டாயம். எந்தப் பாடம் என்பது இரண்டாவது கேள்வி. பி.எட். முடித்திருந்தால், குருசபாவின் முழு உரிமத்தை நோக்கிப் போகும் பாதையில் நீங்கள் பாதித் தூரம் ஏற்கெனவே நடந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மாத ஆங்கிலப் பயிற்சிச் சான்றிதழ் மட்டும் இருந்தால் பள்ளிக்கு உங்களைப் பிடிக்கலாம், ஆனால் பட்டத்தின் இடத்தை அது நிரப்பாது.

மூலச் சான்றிதழ் என்றால் பட்டமளிப்பு விழாச் சான்றிதழ்தான். ப்ரொவிஷனல் சான்றிதழை வைத்துக்கொண்டு பலர் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுவார்கள். அது இங்கே போதாது. பட்டம் வாங்காமல் விட்டிருந்தால் இன்றே விண்ணப்பியுங்கள். எல்லாப் பருவத்து மதிப்பெண் பட்டியல்களும், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் இருந்தால் அதுவும் வேண்டும்.

அடுத்து உறுதிச்சான்று. மாநில அரசின் உரிய துறையில் சரிபார்த்து, இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அட்டெஸ்டேஷன் வாங்கி, அதற்குமேல் தாய்லாந்துத் துணைத் தூதரகத்தின் முத்திரையும் வாங்கவேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் கிளைச் செயலகம் சென்னையில் உண்டு. தாள்களை அமைச்சகம் அங்கீகரித்த முகமைகள் வழியாகத்தான் வாங்கிக்கொள்வார்கள். இங்கே பலர் ஒரு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். கொரியா போகும் நண்பர் அப்போஸ்டில் மட்டும் போதும் என்று சொல்லியிருப்பார். அவர் சொன்னது அவருக்குச் சரி. அப்போஸ்டில் முத்திரையை ஏற்கும் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் இருக்கிறது, கொரியாவும் இருக்கிறது. தாய்லாந்து அதற்கு வெளியே இருந்துவரும் நாடு என்பதால், தூதரக முத்திரைவரை போயாகவேண்டும்.

பல்கலைக்கழகத்திலிருந்து உண்மைத்தன்மைச் சான்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரசு வேலைக்குப் போனவர்களுக்கு இது பழக்கப்பட்ட தாள். வெளிநாட்டுப் பட்டத்தைக் குருசபா ஏற்கவேண்டுமானால், பட்டம் கொடுத்த இடமே அது உண்மை என்று சொல்லவேண்டும். பாங்காக்கிலிருந்து மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால், நம் தேர்வுத் துறைகள் எப்போது பதில் போடும் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் ஊரில் இருக்கும்போதே நேரில் போய் வாங்குவது நல்லது.

மொழித் தேர்வு

ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாடுகள் என்று தாய்லாந்து வைத்திருக்கும் பட்டியலில் இந்தியா இல்லை. ஆங்கில வழியில் படித்தேன், ஆங்கில இலக்கியம் எம்.ஏ. என்பதெல்லாம் அங்கே துணைச் சான்றுதான். தேர்வு மதிப்பெண்ணும் காட்டவேண்டும். அதிகம் கேட்கப்படுவது டோயிக் தேர்வு: 990க்கு 600. ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபெல் மதிப்பெண்களையும் ஏற்கிறார்கள். மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதனால் வேலை தேடத் தொடங்குவதற்கு ஓரிரு மாதம் முன்பு எழுதுவது சரியான காலம். மிக முன்கூட்டியே எழுதினால், முதல் நீட்டிப்புக்கு முன்பே காலாவதியாகிவிடும்.

இதில் மனம் சுருங்க ஒன்றுமில்லை. இருபது ஆண்டு ஆங்கில ஆசிரியராக இருந்தவரும் இந்தத் தேர்வை எழுதித்தான் போகிறார். ஒரு காலைப்பொழுது வேலை.

போலீஸ் சான்றும் மருத்துவச் சான்றும்

காவல்துறைச் சான்றை பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து வாங்குங்கள். கட்டணம் 500 ரூபாய். உள்ளூர்க் காவல் நிலையமோ மாநிலக் காவல்துறையின் இணையதளமோ தரும் சான்று வேறு. வெளிநாட்டுத் தேவைக்குப் பாஸ்போர்ட் அலுவலகம் தருவதே செல்லும். இப்போதிருக்கும் முகவரியும் பாஸ்போர்ட் முகவரியும் வேறாக இருந்தால், விசாரணைக்குக் கூடுதல் நாள் பிடிக்கலாம் என்பதை மனத்தில் வைத்து முன்கூட்டியே தொடங்குங்கள்.

மருத்துவச் சான்றை வேலை அனுமதிக்குத் தாய்லாந்திலேயே எடுக்கலாம். சாதாரணக் கிளினிக்கில் சில நூறு பாட்டில் முடிந்துவிடும். அதில் தொழுநோய், பரவும் நிலையிலுள்ள காசநோய், யானைக்கால், மூன்றாம் நிலை சிபிலிஸ், போதைப் பழக்கம், குடிநோய் ஆகியவை இல்லை என்று மருத்துவர் எழுதவேண்டும். இந்தப் பட்டியல் இல்லாத பொதுவான 'நலமாக இருக்கிறார்' சான்று பயன்படாது. வேலை அனுமதிக்கு என்று சொல்லிக் கேளுங்கள். அவர்களிடம் படிவம் இருக்கும்.

பள்ளி தரவேண்டியவை

விசா விண்ணப்பத்தில் பாதித் தாள்கள் பள்ளியிடமிருந்து வரவேண்டும்: துணைத் தூதரகத்துக்கு எழுதிய அழைப்புக் கடிதம், வேலை ஒப்பந்தம், பள்ளியின் உரிமம், மேலே சொன்ன கல்வி அலுவலகத்தின் பரிந்துரை அல்லது ஒப்புதல், வேலைவாய்ப்புத் துறையிடம் பள்ளி முன்கூட்டியே விண்ணப்பித்ததற்கான சான்று. இவற்றைப் பட்டியலாக எழுதிப் பள்ளிக்கு அனுப்பி, எந்தத் தேதியில் எது வரும் என்று கேளுங்கள். பணிவாகக் கேட்டால் போதும். தாய்லாந்தில் குரலை உயர்த்துவது எந்தக் கோப்பையும் நகர்த்தியதில்லை.

தாள்கள் வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள்.

பெயர்: பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்கிறதா?

பணி: எல்லாத் தாளிலும் 'ஆசிரியர்' என்றே இருக்கிறதா? ஒன்றில் ஆசிரியர், இன்னொன்றில் உதவியாளர் என்று வரக்கூடாது.

தேதி: தாய்லாந்து அரசுத் தாள்களில் புத்த ஆண்டு போடுவார்கள். 2569 என்று இருந்தால் திடுக்கிட வேண்டாம். 543ஐக் கழித்தால் 2026. ஒப்பந்தம் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் கடிதத்திலும் ஒப்பந்தத்திலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கழித்துப் பார்த்துச் சரிபாருங்கள்.

ஒப்பந்தத்தில் இன்னொன்றையும் பாருங்கள்: பத்து மாதமா, பன்னிரண்டு மாதமா? மார்ச், ஏப்ரல் நீண்ட விடுமுறைக்குச் சம்பளம் உண்டா என்பதும், உங்கள் தங்கல் அனுமதி எந்த நாள்வரை வரும் என்பதும் இதைப் பொறுத்ததுதான்.

விசா

விண்ணப்பம் தாய்லாந்து அரசின் இ-விசா தளத்தில். முதல்முறை தருவது பெரும்பாலும் ஒருமுறை நுழையும் நான்-பி. இறங்கிய நாளிலிருந்து 90 நாள் தங்கலாம்.

"விசாவே வேண்டாமே, சுற்றுலாவாகப் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாமே" என்று ஒரு யோசனை வரும். 2024 ஜூலையில் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 60 நாள் என்று அறிவித்தபின் இந்த யோசனை இன்னும் பலமாகக் கேட்கிறது. உள்நாட்டில் மாற்றுவதற்கு வழி இருப்பது உண்மைதான். ஆனால் அதற்குள் பள்ளியின் எல்லாத் தாளும் தயாராகவேண்டும். தங்கும் நாள்களும் போதுமான அளவு மீதி இருக்கவேண்டும். பள்ளி தாமதித்தால் நீங்கள் லாவோஸ் எல்லைக்கு ஓடவேண்டியிருக்கும். அதைவிட மோசம், மாற்றி முடியும்வரை "சும்மா வந்து வகுப்பை மட்டும் பாருங்கள்" என்பார்கள். அந்த 'சும்மா'வும் சட்டத்தின் கண்ணில் வேலைதான். முதல்முறை போகிறவர் ஊரிலேயே நான்-பி வாங்கிக்கொண்டு போவதுதான் நிம்மதி.

தாய்லாந்தில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்புங்கள். 2025 மே 1 முதல் இது எல்லா வெளிநாட்டவருக்கும் கட்டாயம், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவோ அது போலி. குடிநுழைவு மேசையில் முத்திரை குத்தியதும் நகர்ந்துவிடாமல், வகை 'நான்-பி' என்றும் நாள் சரியாகவும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். விசாவோடு வந்தவருக்கு விசா விலக்கு முத்திரை விழுந்துவிட்டால், அதைத் திருத்த அந்த மேசையைவிடச் சுலபமான இடம் வேறு கிடைக்காது.

இறங்கிய பிறகு: 90 நாள் கணக்கு

முதல் 24 மணி நேரத்தில் நீங்கள் தங்கும் இடத்தின் உரிமையாளர் குடிநுழைவுத் துறைக்குத் தெரிவிக்கவேண்டும். அந்தப் படிவம் டி.எம். 30. பொறுப்பு வீட்டுக்காரருடையது, ரசீது இல்லாவிட்டால் தவிப்பது நீங்கள். வாடகை பேசும்போதே இதைச் செய்வாரா என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்து வேலை அனுமதி. விண்ணப்பக் கட்டணம் 100 பாட். ஓராண்டு அனுமதிக்கு 3,000 பாட். பல பள்ளிகள் இதைத் தாங்களே கட்டும். சில பள்ளிகள் சம்பளத்தில் பிடிக்கும். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே பேச்சு. இந்த அனுமதி வந்தபின்தான் வகுப்பு.

வேலை அனுமதி வந்ததும், 90 நாள் முடிவதற்குள் தங்கல் நீட்டிப்பு. படிவம் டி.எம். 7, கட்டணம் 1,900 பாட். பொதுவாக ஓராண்டு அல்லது ஒப்பந்தம் முடியும்வரை கிடைக்கும். நாள் தவறினால் நாளொன்றுக்கு 500 பாட், உச்சவரம்பு 20,000 பாட் அபராதம். பணத்தைவிட, பாஸ்போர்ட்டில் விழும் அந்தக் குறிப்புதான் பிற்பாடு கேள்வி கேட்க வைக்கும்.

நீட்டிப்பு கிடைத்த சந்தோஷத்தில் தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்புவார்கள். நில்லுங்கள். மறுநுழைவு அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினால், நீட்டிப்பு அந்த நிமிடமே செத்துவிடும். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். நீட்டிப்பு வாங்கும் அதே நாளில் இதையும் வாங்கிவிடுவது பழகியவர்கள் செய்வது.

தாய்லாந்தில் தொடர்ந்து தங்கியிருந்தால் 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிக்கவேண்டும், படிவம் டி.எம். 47. கெடு நாளுக்கு 15 நாள் முன்பிலிருந்து 7 நாள் பின்புவரை செய்யலாம். இணையத்திலும் செய்யலாம், கட்டணம் இல்லை. மறந்தால் 2,000 பாட். நாட்டைவிட்டுப் போய் வந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

குருசபாவின் தற்காலிக அனுமதி

உரிமம் இல்லாதவருக்காகப் பள்ளியே விண்ணப்பிக்கும். இரண்டு ஆண்டுகளுக்குக் கற்பிக்க அனுமதி வரும். இந்தக் கடிதம் உங்கள் பெயரில் வந்தாலும், கேட்டது அந்தப் பள்ளி. அந்தப் பள்ளிக்காகவே கொடுக்கப்படுவது. வேறு பள்ளிக்குப் போனால் புதிய பள்ளி மறுபடி விண்ணப்பிக்கவேண்டும்.

இந்த இரண்டு ஆண்டைக் காத்திருப்பாக நினைக்காமல், உரிமத்துக்குத் தயாராகும் காலமாக எடுத்துக்கொள்ளுங்கள். தற்காலிக அனுமதியை எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதில் வரம்பு வைத்து விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. நான்கைந்து ஆண்டு அங்கே இருக்க நினைப்பவர் முதல் ஆண்டிலேயே, தன் பட்டத்துக்கு என்ன தகுதி குறைகிறது என்று பள்ளியின் பணியாளர் அலுவலகத்தோடு உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது.

வேலையை விடும் நாள்

இதை ஒப்பந்தம் போடும்போதே தெரிந்து வைத்திருக்கவேண்டும். உங்கள் தங்கல் நீட்டிப்பு வேலையோடு கட்டப்பட்டது. கடைசி வேலை நாளன்றே தங்கும் உரிமையும் முடிகிறது. பாஸ்போர்ட்டில் இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே என்று நினைத்துத் தங்கினால், அது காலம் கடந்த தங்கல். குடிநுழைவு அலுவலகத்தில் 1,900 பாட் கட்டி ஏழு நாள் கூடுதல் கேட்கலாம்.

ஆகவே பள்ளி மாறுவதாக இருந்தால், புதிய பள்ளியின் தாள்கள் கையில் வந்தபின் பழைய பள்ளியின் கடைசி நாளை முடிவு செய்யுங்கள். சண்டை போட்டுக்கொண்டு வெளியேறாதீர்கள். பழைய பள்ளி தரும் விடுவிப்புக் கடிதமும் அதிலுள்ள தேதியும் இல்லாமல் புதிய கோப்பு தொடங்காது. மாலையில் வீட்டில் டியூஷன் எடுப்பதும் அனுமதியில் இல்லாத வேலைதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏஜென்ட் விஷயம்

2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டவர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். ஆசிரியர் வேலை என்ற பெயரிலும் அதே வலையை விரிக்கலாம். அடையாளம் எளிது: உண்மையான பள்ளிக்கு உரிமம் இருக்கும், கல்வி அலுவலகத்தின் கடிதம் இருக்கும், உங்களை நான்-பி விசாவில் வரச்சொல்லும். "சுற்றுலாவாக வாருங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்பவர், எல்லையை ஒட்டிய மே சொட் நகரில் இறங்கச் சொல்பவர், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்பவர்: இவர்களிடம் விளக்கம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இந்தியாவில் ஆள் அனுப்பும் ஏஜென்ட், இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவராக இருக்கவேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். சந்தேகம் வந்தால் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள்.

நாட்காட்டி

தாய்லாந்துப் பள்ளி ஆண்டு மே நடுவில் தொடங்குகிறது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் இப்படி வரும்.

நவம்பர், டிசம்பர்: பெயர் ஒப்பீடு, பிழை திருத்தம், டோயிக் தேர்வு, பட்டமளிப்புச் சான்றிதழ்.

ஜனவரி: உண்மைத்தன்மைச் சான்று, மாநில, வெளியுறவு அட்டெஸ்டேஷன். பள்ளிகள் ஆள் தேடத் தொடங்குவதும் இப்போதுதான்.

பிப்ரவரி: ஒப்பந்தம், போலீஸ் சான்று, தூதரக முத்திரை.

மார்ச்: பள்ளியிலிருந்து தாள்கள். மாதக் கடைசியில் அங்கே பள்ளி மூடிவிடும். அதற்குமுன் கையெழுத்துகள் வந்துவிடவேண்டும்.

ஏப்ரல்: விசா விண்ணப்பம், முதல் வாரத்திலேயே. 13 முதல் 15 வரை அங்கே சொங்க்ரான் புத்தாண்டு. 14 இங்கே தமிழ்ப் புத்தாண்டு. அந்த வாரம் இரண்டு கரையிலும் ஒரு மேசையும் திறந்திருக்காது.

மே: பயணம், டி.எம். 30, மருத்துவச் சான்று, வேலை அனுமதி.

ஜூன்: பள்ளிகளில் 'வாய் க்ரூ' நடக்கும் மாதம், ஆசிரியரை வணங்கும் நாள். பெரும்பாலும் வியாழக்கிழமையில் வைப்பார்கள். தாய் மொழியில் வியாழனுக்கு வழங்கும் பெயரிலேயே பிருகஸ்பதி இருக்கிறார். பிள்ளைகள் அருகம்புல், இட்லிப்பூ, கத்தரிப்பூ வைத்த தட்டோடு வரிசையாக முழங்காலிட்டு வருவார்கள். பெயர் தெரியாத ஊரில் அருகம்புல்லைப் பார்த்ததும் கொஞ்சம் தொண்டை அடைக்கும். அடைக்கட்டும். அன்று மேடையில் உட்காரும்போது உங்கள் பெயரில் வேலை அனுமதி வந்திருக்கவேண்டும். வராவிட்டால் அந்த வணக்கத்தைப் பார்வையாளர் வரிசையிலிருந்து பார்ப்பதுதான் உங்களுக்கும் பள்ளிக்கும் பாதுகாப்பு.